தரம் உயர்த்தப்பட்ட ஊர்

உக்காருங்க தம்பி, உக்காருங்க. அந்தப் பைய இங்க குடுங்க, மடில வெச்சுக்கறேன். எனக்கொண்ணும் சிரமமில்லீங்க. நான் கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போறேன். நீங்க? அதுக்கும் அக்கட்டயா? அப்பச் செரி, நான் எறங்குனதும் ஜன்னலோரம் உங்களுக்குத்தான்.

நீங்க ஏறுன எடத்துக்குச் சித்தெ முன்னால ஒரு போர்டு இருந்துச்சே, பாத்தீங்களா? பச்சைப் போர்டு. ‘வேப்பமேட்டுப்பாளையம் பேரூராட்சி தங்களை அன்புடன் வரவேற்கிறது’ன்னு. பாக்கலையா? செல்லுல குனிஞ்சிருந்திருப்பீங்க. போவுது உடுங்க, திரும்பி வாறப்ப பாருங்க. அந்தப் போர்டு அங்க நிக்கறதுக்கு இந்த ஆளுதானுங்க காரணம். பெருமைக்குச் சொல்லல. எங்கூர்ல யார வேண்ணாலும் கேட்டுப் பாருங்க, செக்ரட்டரி சென்னியப்பன்னா... இல்லீங்க, இப்பக் கேக்காதீங்க. இப்பக் கேட்டா வேற மாதிரிச் சொல்லுவாங்க.

கொஞ்சம் மெதுவாவே பேசறேன். பின்னால ஒரு பொம்பளைக் கூட்டம் ஒக்காந்திருக்குதல்லங்க, அத்தனையும் எங்கூருதான். திரும்பிப் பாக்காதீங்க, திரும்பிப் பாக்காதீங்க! நம்ம அதுகளப் பத்திப் பேசறோம்னு நெனச்சுக்குவாங்க.

நான் கூட்டுறவு விற்பனைச் சங்கத்துல செக்ரட்டரியா இருந்து ரிட்டையரான ஆளுங்க. ரிட்டையராகி வந்து எங்கூர்க் குபேரன் நகர்ல எடம் வாங்கி ஊடு கட்டினேன். தோட்டமா இருந்ததக் கல்லு நட்டு சைட் போட்டதுதான். படிச்ச ஜனம், பென்சன் வாங்கற ஜனம். அங்க ஒரு நலச்சங்கம் ஆரம்பிச்சாங்க. வேற யாரு வருவாங்க? பழகுன கையில்லீங்களா, அங்கயும் நான்தான் செக்ரட்டரி. எல்லா வசதியும் இருந்துச்சு தம்பி. ஒண்ணே ஒண்ணுதான் கொறை. ஊரு இன்னும் ஊராட்சியா இருந்துச்சு.

உங்களுக்கு அது பெருசாத் தெரியாது. எனக்கு அதோட வலி தெரியும். சகலை தங்கவேல்னு ஒருத்தன் இருக்கறான், என் கொழுந்தியாளக் கட்டினவன். அவன் ஊரு நகராட்சி. ஒறம்பரை சொந்தத்துல ஒரு கல்யாணம், பந்தியில பக்கத்துல ஒக்காந்துட்டு, அத்தனை பேர் முன்னால கேக்கறான்: “என்னங்க சகலை, ஊட்டு வரி கட்டறதுக்கு இன்னும் அந்த ஓட்டுக் கட்டடத்துக்குத்தான் போறீங்களா? தெருவுல ஆடு மேயுதா?” பந்தியே சிரிச்சிருச்சு. எங்க ஊட்டுக்காரி ருக்குமணியும் சிரிச்சா. பாயசத்த அப்படியே வெச்சுட்டு எந்திரிச்சுட்டேன். அன்னைக்கு முடிவு பண்ணினேன், இந்த ஊரத் தரம் உயர்த்தாம உடறதில்லைன்னு.

அலையாத அலைச்சல் இல்ல தம்பி. அந்த ஆபீஸு, இந்த ஆபீஸு. மக்கள்தொகை இருக்குது, வருமானம் இருக்குது, எல்லாம் இருக்குது. ஆனா மொதல்ல கிராம சபையில தீர்மானம் போட்டுட்டு வாங்கன்னுட்டாங்க. கிராம சபை தெரியுமல்லங்க? ஊர் ஜனம் பூராம் ஒண்ணா ஒக்காந்து, கை தூக்கி முடிவு பண்றது. சட்டத்துல அப்படித்தான் இருக்குது. ஆனா யாரு வாறாங்க? குபேரன் நகர்ல இருந்து ஒரு குஞ்சு வராது. லீவு நாள்ல வெப்பாங்க, நம்மாளுக கறி எடுத்துட்டு வந்து ஊட்டுக்குள்ள ஒக்காந்துக்குவாங்க.

அதனால எங்கூர்ல ஒரு பழக்கமுங்க. எங்கூர்ல என்ன, சுத்துப்பட்டு எல்லா ஊர்லயும் இதேதான். நூறு நாள் வேலைக்குப் போற பொம்பளைங்களக் கூட்டிட்டு வந்து சபையில ஒக்கார வெச்சிருவாங்க. இன்னைக்குச் சபைக்கு வரலைன்னா நாளைக்கு வேலையில பேர் இருக்காதுன்னு ஒரு பேச்சு கெளப்பி உட்டாப் போதும், வேலை அட்டை வெச்சிருக்கற அத்தனை பேரும் வந்துருவாங்க. வந்து ஒக்காந்து, எதைச் சொன்னாலும் கை தூக்கிட்டு, டீயக் குடிச்சிட்டுப் போயிருவாங்க. அதுக்குப் பேரு தீர்மானம். நான் என்ன புதுசாப் பண்ணினேன்? இருந்த பழக்கத்த ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்படுத்திக்கிட்டேன், அவ்வளவுதான்.

டீயோட நிறுத்தலீங்க. பந்தல் போட்டு, தக்காளி சோறு, தயிர்ப்பச்சடி, வாழைப்பழம். மொத நாளே அவங்க வேலை செய்யற எடத்துக்குப் போனேன். அங்க காலைல ஒரு போட்டோ, மத்தியானம் ஒரு போட்டோ புடிப்பாங்க. ரெண்டுலயும் மூஞ்சி தெரிஞ்சாத்தான் கூலி. அதனால போட்டோ நேரத்துக்குப் போனாப் போதும், ஊர்ப் பொம்பளைங்க அத்தனை பேரையும் ஒரே எடத்துல பாத்துரலாம். குட்டைக்குள்ள நின்னு மண்ணு வாரிட்டிருந்தாங்க. நான் கரைமேல நின்னு சொன்னேன்: ரோடு வரும், லைட்டு வரும், குப்பை எடுக்க வண்டி வரும், நம்ம ஊரு பேரூராட்சி ஆகோணும்னு.

அந்தக் கூட்டத்துல மாராத்தாள்னு ஒருத்தி. வயசு அறுபத்தஞ்சுக்கு மேல இருக்கும். எங்க ஊட்டுல பாத்தரம் தொலக்கறவ. காலைல வெள்ளனே வந்து எங்க ஊட்டு வேலைய முடிச்சுட்டு, மொத போட்டோவுக்கு ஓட்டமா ஓடுவா. மகன் திருப்பூர்ல இருக்கறான், பாத்துக்கறதில்ல. தனிக்கட்டை. ஆனா அந்தப் பொம்பளைங்களுக்கு அவ சொன்னாத்தான் எடுபடும். அதனால அவளத் தனியாக் கூப்புட்டு, “மாராத்தா, நாளைக்குச் சபையில மொதக் கை உன்னோடதா இருக்கோணும்”னேன். “நீங்க சொன்னாச் செரியாத்தானுங்க இருக்கும்”னா. ஒரு மறு கேள்வி கேக்கோணுமே! அந்தக் காலத்துல என் மேல ஜனங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை தம்பி.

சபை அன்னைக்கு நான் மைக்கப் புடிக்கப் போறேன், ஊராட்சிக் கிளார்க்குப் பையன் என் காதுக்கிட்ட வந்து குசுகுசுங்கறான். “சார், பேரூராட்சி ஆயிட்டா நூறு நாள் வேலை கெடையாதுங்க சார். அது ஊராட்சிக்கு மட்டுந்தான். இவங்ககிட்டச் சொல்லியாச்சுங்களா?” அப்பறம் இன்னொண்ணும் சொன்னான், “இந்தச் சபையும் இருக்காதுங்க சார்”னு. சபை இல்லைன்னா நல்லதாப் போச்சு, தக்காளி சோத்துச் செலவு மிச்சம்னேன். வேலை போறது எனக்குத் தெரியாம இல்ல தம்பி. தெரியும். சட்டம் படிக்காம நான் எந்தக் காரியத்துலயும் எறங்க மாட்டேன். ஆனா அதப் போயி அந்த நேரத்துல சொன்னா அதுகளுக்குக் குழப்பந்தான? ஒரு ஊரு முன்னேறப் போற நேரத்துல யாராச்சும் நடுவுல குழப்பம் பண்ணுவாங்களா?

நான் பொய் சொல்லலீங்க. அத நீங்க கவனிக்கோணும். ரோடு வரும்னேன், லைட்டு வரும்னேன், வண்டி வரும்னேன். வேலை போகுமான்னு யாராச்சும் கேட்டாங்களா? கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன்.

“சம்மதம்ங்கறவங்க கை தூக்குங்க”ன்னேன். மாராத்தா தூக்கினா. அவ தூக்குனதுதான் தாமசம், பந்தல் பூராம் கை. மண்வெட்டி புடிச்சுக் காப்புக் காச்ச கை. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு தம்பி, பொய் சொல்லல. பேப்பர்ல கூடப் போட்டோ வந்துச்சு, ‘பேரூராட்சியாக்கக் கோரி பெண்கள் எழுச்சி’ன்னு. அத ஃபிரேம் போட்டு ஊட்டு ஆசாரத்துல, வாறவங்க ஒக்கார்ற எடத்துல மாட்டி வெச்சிருக்கறேன். மாராத்தா கைக்கு மேல என் தலை தெரியும்.

அப்பறமென்ன, அந்தப் பொம்பளைங்கள வேன் வெச்சுக் கலெக்டர் ஆபீஸுக்குக் கூட்டிட்டுப் போயி மனுவும் குடுத்தேன், அரசாணை வந்துச்சு. பட்டாசு என்ன, லட்டு என்ன! போர்டு நட்டன்னைக்கு அதுக்குப் பக்கத்துல நின்னு படம் எடுத்து மொதல்ல தங்கவேலுக்குத்தான் அனுப்பினேன். பொழுதோட நடக்கப் போறேன்னு சொல்லிட்டு அந்தப் போர்டத்தான் பாத்துட்டு வருவேன். ஆடுக வந்து கால்ல ஒரசும், போர்டோட கால்ல, அதத் தொரத்தி உடுவேன். சித்தெ சாஞ்சிருந்தா நிமுத்தி வெப்பேன். நம்ம கைல வளந்தது பாருங்க.

பொறவு ஒரு நாள் வேலைக்குப் போன பொம்பளைங்க பாதித் தடத்துல திரும்பி வந்தாங்க. இனி வேலை இல்லைன்னு சொல்லிப் போட்டாங்களாமா. அட்டையக் கைல புடிச்சுட்டு நேரா எங்க கேட்டுக்கு முன்னால வந்து நின்னுட்டாங்க. சத்தம் போடுவாங்கன்னு பாத்தேன். சத்தமே போடல. சத்தம் போட்டாப் பதில் சொல்லிரலாம். சும்மா நின்னா என்ன சொல்றது? “இதப் பாருங்கம்மா, நம்ம ஊரு இப்பப் பேரூராட்சி. இன்னுமும் குட்டையில எறங்கி மண்ணு வாரறது நமக்குக் கவுரவமா?”ன்னு எடுத்துச் சொன்னேன். ஒருத்தருக்கொருத்தர் மூஞ்சியப் பாத்துக்கிட்டுப் போயிட்டாங்க. புரிஞ்சு போச்சுன்னு நெனச்சேன்.

சின்ன வயசுக்காரிக எல்லாம் மில்லு வண்டியில ஏறிப் போயிருச்சுக. விடியறதுக்கு முன்னால போனா, இருட்டுனதுக்கப்பறம் வந்து எறங்குவாங்க. மாராத்தாள வண்டிக்காரன் ஏத்தல. வயசாச்சுன்னுட்டான். நூறு நாள் வேலையில மட்டுந்தான் வயசக் கேக்க மாட்டாங்க. கெழவியானாலும் மண்வெட்டியப் புடிச்சுட்டு நின்னாப் போதும், கூலி அவ பேர்ல பேங்குல விழுந்துரும். அத ருக்குமணிகிட்டப் பெருமையாச் சொல்லுவா, “எம் பேர்ல விழுகுதுங்கம்மணி”ன்னு.

பொறவு மகன் ஊட்டுக்குத் திருப்பூர் போனா. செரி, நல்லதாப் போச்சு, மகன் ஊட்டுல கால நீட்டிட்டு ஒக்காந்து சாப்புடட்டும்னு நெனச்சேன். ஒரு மாசங்கூட ஆகல, துணி மூட்டையோட திரும்பி வந்துட்டா. “சோறு போடறாங்கம்மணி. நான் அள்ளி அள்ளித் திங்கறத மருமவ நின்னு பாக்கறா. அதான் வந்துட்டேன்”னு ருக்குமணிகிட்டச் சொல்லிட்டிருந்தா. இப்ப வெங்காய குடோன்ல ஒக்காந்து வெங்காயத்தோட தாள அறுக்கறா. நெழல்ல ஒக்காந்து செய்யற வேலை தம்பி, வெயிலில்ல, மண்ணில்ல. மூட்டைக் கணக்குக்குக் கூலி. முன்னேற்றந்தான? வெரலு வெடிச்சுப் போச்சுன்னு ருக்குமணி மஞ்சளும் எண்ணெயும் கொழச்சுப் போட்டு உடறா. எந்த வேலைல வெரலு வெடிக்கல சொல்லுங்க.

இதுல எனக்கு என்ன நட்டம்ங்கறீங்களா? நல்லாக் கேட்டீங்க. குடோனுக்கு வெள்ளனே போகோணும்னு மாராத்தா எங்க ஊட்டுக்கு வாறத நிறுத்திட்டா. வேற ஆளு ஒருத்தரும் கெடைக்கல, எல்லாம் மில்லுக்குப் போயிருச்சு. ருக்குமணிதான் பாத்தரம் தொலக்கறா. எனக்குக் காப்பி, பொழுது நல்லா ஏறுனதுக்கப்பறந்தான் வருது. ஊருக்கு ஒழைக்கறவன் எத்தனை தியாகம் பண்ண வேண்டியிருக்குது பாருங்க.

வசதி வந்துச்சான்னா, வந்துச்சுங்க. ஏன் இல்ல? எங்க ஊட்டு முன்னால சாக்கடை தோண்டிப் போட்டிருக்கறாங்க. இன்னும் கட்டல, தோண்டியிருக்கறாங்க. பலகை போட்டு அது மேல நடந்துதான் ஊட்டுக்குள்ள போகோணும். மழை பேஞ்சா பலகை வழுக்கும். ஆனா பாருங்க, அது பேரூராட்சிச் சாக்கடை. தெருமுக்குல லைட்டுக் கம்பம் நட்டிருக்கறாங்க, பல்பு மட்டும் வரோணும். குப்பை வண்டி பாட்டுப் போட்டுட்டு வருது. பாட்டு நல்லா இருக்குது, சில நாள் நிக்காமப் போயிருது. ஊட்டு வரி ஏறிப் போச்சு. தரம் ஏறுனா வரி ஏறாதா? இது கூடத் தெரியாம குபேரன் நகர்க்காரங்க என்மேல பாஞ்சாங்க. படிச்ச ஜனம்னு சொன்னனல்லங்க, அவங்கதான். வாட்ஸப்புக் குரூப்புல இருந்து என்னையத் தூக்கிட்டாங்க. செக்ரட்டரிய வெளிய தள்ளிட்டு ஒரு சங்கம்! கேட்டிருக்கறீங்களா?

அந்தத் தங்கவேல் இருக்கறானே, அவனாச்சும் வாயடைச்சுப் போவான்னு பாத்தேன். போன் பண்றான். “சந்தோசமுங்க சகலை. எங்க ஊரு இப்ப மாநகராட்சியாயிருச்சு”ங்கறான்.

அன்னைக்கு ராத்திரி நான் சோறு உங்கல தம்பி.

ருக்குமணி இருக்கறாளே, கல்யாணம் ஆன நாள்ல இருந்து என்னைய ஒரு வார்த்தை எதுத்துப் பேசுனவ இல்ல. நான் இந்தப் பக்கம்னா இந்தப் பக்கம், அந்தப் பக்கம்னா அந்தப் பக்கம். முன்னயெல்லாம் சாயங்காலம் வேலை விட்டு வாற பொம்பளைங்க எங்க கேட்டுல நின்னு தண்ணி வாங்கிக் குடிப்பாங்க. இவ சொம்பு சொம்பா மொண்டு குடுப்பா, அதுக ஏதோ பேசும், இவ சிரிப்பா. எனக்கு உள்ள, ஆசாரத்துல டிவி கேக்காது, அத்தனை ரவுசு. இப்பத் தெருவுல ஒரு காக்கா கத்துனாக் கூடக் கேக்குது. குபேரன் நகர்ல அடுத்த ஊட்டுக்காரி கதவத் தொறக்க மாட்டா. ஒரு நாள் ஊட்டுக்குப் பின்னால பொடக்காலில பாத்தரத்தப் போட்டுத் தேச்சுட்டே ருக்குமணி சொல்றா, “உங்க பேரூராட்சில பேசறதுக்கு ஒரு ஆளில்ல”ன்னு. உங்க பேரூராட்சியாமா! ‘எங்கூட இருக்கறயே, நானென்ன ஆளில்லையா’ன்னேன். சபீனாப் பொடிய அள்ளிப் போட்டு இன்னும் வேகமாத் தேக்கறா.

அப்பறந்தான் மாராத்தா வந்தா. பலகைல பாத்து நடந்து வந்து, வாசப்படியில ஒக்காந்தா. ஏசுவான்னு பாத்தேன். ஏசலீங்க. மெதுவாத்தான் கேட்டா. “ஏனுங்க, கை தூக்கச் சொன்னீங்க, தூக்கினோம். இப்ப அதக் கீழ எறக்கறது எப்படீன்னு சொல்லுங்க”ன்னா.

நான் என்ன சொல்லட்டும்? சட்டத்த எடுத்துச் சொன்னேன். “மாராத்தா, தூக்குன கை தூக்குனதுதான். கை தூக்கித் தீர்மானம் போட்டு, அரசாணை வந்து, போர்டும் நட்டாச்சு. எறக்கறதுன்னா அதுக்கும் ஒரு சபை வேணும். இப்பச் சபையே கெடையாது”ன்னு. அவ உடல. “அப்ப மனுவாச்சும் எழுதிக் குடுங்க, ஊரு மறுபடியும் ஊராட்சியாகோணும்னு. நீங்கதான நல்லா எழுதுவீங்க”ன்னா. எப்படி இருக்குது? நான் கட்டுன ஊட்ட நானே இடிக்கோணுமாமா! முடியாதுன்னுட்டு உள்ள போயிட்டேன்.

சித்தெ நேரங்கழிச்சு வெளிய வந்து பாக்கறேன், ருக்குமணி வாசப்படியில அவ பக்கத்துல ஒக்காந்து எழுதிட்டிருக்கறா. எம்பட பேனாவுல! பள்ளிக்கூடத்துல பத்தாவது வரைக்கும் படிச்சவதான், கையெழுத்து முத்து முத்தா இருக்கும். அவ எழுத்துல இத்தனை நாளா மளிகைச் சாமான் லிஸ்ட்டத் தவர வேறெதும் நான் பாத்ததில்ல. மாராத்தா சொல்லச் சொல்ல இவ எழுதறா. கடைசில மொதக் கையெழுத்து யாருதுங்கறீங்க? என்னையக் கட்டினவளோடதுங்க. ரெண்டாவதுதான் மாராத்தாளோட கட்டைவெரலு.

எதுத்துக்கட்டும், தப்பில்ல. ஒரு வார்த்தை எங்கிட்டக் கேட்டிருக்கலாமல்ல?

இன்னைக்குத் திங்கக்கெழம, கலெக்டர் ஆபீஸ்ல மனு நாள். காலைல எந்திரிச்சுப் பாத்தா தலை சீவிப் பூ வெச்சுக் கெளம்பி நிக்கறா. எங்கேன்னேன். “இட்லி ஹாட்பாக்ஸ்ல இருக்குது”ன்னுட்டுப் பலகையத் தாண்டிப் போயிட்டா. தனியா ஒக்காந்து ரெண்டு இட்லி பிட்டேன், வாய்க்குப் புடிக்கல. உட்டுருவனா? நானும் ஒரு மனு டைப் அடிச்சு வெச்சிருக்கறேன் பாருங்க, இந்தக் கவருல. அவங்க ஊராட்சியாக்குங்கன்னு கேட்டா, நான் நகராட்சியாக்குங்கன்னு கேக்கறேன். எப்படி நம்ம ரோசனை? கீழ போறதுக்கு வழி இருந்தா மேல போறதுக்கும் இருக்கோணுமல்ல. தங்கவேல் பாக்கட்டும்.

இந்த நேரத்துக்கு எங்கூருக்கு இருக்கறது இந்த ஒரே பஸ்ஸுதான். எல்லாரும் இதுலயேதான் வந்தாகோணும். அவங்களுக்கெல்லாம் பொம்பளைங்க டிக்கெட்டு, ஓசி. எதுத்து மனு குடுக்கறவங்க ஓசியில வாறாங்க, ஊரக் கட்டிக் காக்கறவன் காசு குடுத்துட்டு வாறான். கண்டக்டருக்குக் குசும்பு பாருங்க. “ஏனுங்க, உங்க ஊட்டம்மா பின்னால ஒக்காந்திருக்கறாங்க, நீங்க முன்னால ஒக்காந்திருக்கறீங்க, சண்டைங்களா?”ங்கறான். சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல, ஒரே மாவட்ட நிர்வாகத்துக்கிட்ட ரெண்டு கருத்துன்னு சொன்னேன். அவனுக்குப் புரியல.

யாருன்னு பாக்கோணுமா? செரி, மெதுவாத் திரும்புங்க. ஜன்னலோரம் அரக்குச் சேலை கட்டிட்டு ஒக்காந்திருக்குதல்ல, அதான் எங்க ருக்குமணி. அவ தோள்ல சாஞ்சு தூங்கறது மாராத்தா. பாருங்க, கையில துணி சுத்தியிருக்குது. ராத்திரி குடோன்ல வண்டியில மூட்டை ஏத்தற வரைக்கும் இருந்திருப்பா. போதும், திரும்பிக்கங்க.

ருக்குமணிக்குப் பஸ்ஸுல வந்தா வாந்தி வரும் தம்பி. எங்க போனாலும் நான்தான் எலுமிச்சம்பழம் எடுத்துட்டுப் போவேன். இன்னைக்கும் எம் பாக்கெட்டுல இருக்குது. கேட்டாக் குடுப்பேன். கேக்க மாட்டீங்கறா.

அட, வந்துருச்சு போல இருக்குதே. ஆமா, ஆமா, இந்த ஸ்டாப்புதான். உங்க பையப் புடிங்க. சித்தெ காலு... இருங்க தம்பி, யாரு கூப்புடறது? மாராத்தாளா? என்ன மாராத்தா, முழிச்சுட்டயா?

கேட்டீங்களா? “ஏனுங்க, மனுக் குடுக்கற எடத்துக்கு எந்தத் தடமுங்க? போன தடவ நீங்கதான வேன் வெச்சுக் கூட்டிட்டு வந்தீங்க”ங்கறா. லொள்ளப் பாருங்க! எனக்கு எதிரா மனுக் குடுக்கறதுக்கு நானே தடங் காட்டோணுமாமா!

ஆனா ஒண்ணு தம்பி. இதுகளுக்கு ஒண்ணும் தெரியாது. கேட்டுல போலீஸ்காரங்க நிப்பாங்க, பையத் தொறந்து காட்டோணும். அதுக்கப்பறம் ஒரு எடத்துல பதியோணும், பதிஞ்சு டோக்கன் வாங்கி, அப்பறந்தான் கலெக்டர் ஒக்காந்திருக்கற மண்டபம். இதுக பொழுதுக்கும் வெயில்ல நின்னுட்டு, யாரு கைலயாச்சும் குடுத்துட்டுத் திரும்பி வந்துரும். அந்த மனுவ ஒரு மனுசன் கண்ணால பாப்பானா? அத்தனை பேரோட சோத்துப் பாடு அந்தக் காகிதத்துல இருக்குது. முன்னால ஒரு ஆளு வேணுமல்லங்க? சட்டந் தெரிஞ்ச ஆளு, நாலு வார்த்தை எடுத்துப் பேசத் தெரிஞ்ச ஆளு.

மாராத்தா! இருங்க, அவசரப்படாதீங்க, நான் வாறேன்! கலெக்டர்கிட்ட நானே பேசறேன்!

எம்பட மனுவா? அது அடுத்த திங்கக்கெழம குடுத்துக்கலாந் தம்பி. நகராட்சி எங்க ஓடிப் போகுது?

என்ன ருக்கு? என்ன சொல்றே? கேக்கல, சத்தமாச் சொல்லு.

பாத்தீங்களா, எப்படிச் சொல்றா பாத்தீங்களா! “நீங்க பேசுனது போதும். தடத்த மட்டுங் காட்டுங்க, பேசறத மாராத்தா பேசிக்குவா”ங்கறா. பஸ்ஸே சிரிக்குது. நீங்களும் சிரிக்கறீங்க. சிரிங்க, சிரிங்க. இருந்தாலும் தடங் காட்டறதுன்னா லேசுப்பட்ட காரியமா? தடந் தெரிஞ்சவன் முன்னால நடந்தாத்தான மத்தவங்க பின்னால வர முடியும்? கலெக்டர் நிமுந்து பாத்தா மொதல்ல யாரு மூஞ்சி தெரியும்? முன்னால நிக்கற ஆளோட மூஞ்சிதான. அது போதுமுங்க எனக்கு. பேசறத அவளே பேசட்டும். அவ திக்குனா நான் எடுத்துக் குடுப்பேன். நாளைக்கே இதுகளுக்கு வேலை திரும்பி வந்துச்சுன்னா, யாரு கூட்டிட்டுப் போனதுன்னு ஒரு பேச்சு வருமல்ல? அப்ப யாரு பேரச் சொல்லுவாங்க? நீங்களே சொல்லுங்க தம்பி. அதுதானுங்க பொது வாழ்க்கைங்கறது. அன்னைக்கும் நான்தான் கூட்டிட்டு வந்தேன், இன்னைக்கும்...

ஏனுங்க கண்டக்டர், நீங்க எதுக்குங்க கையக் காட்டறீங்க? நேராப் போயி எடதுபக்கமா? அவங்களுக்கு நான் சொல்லிக்கறேன், நீங்க சும்மா இருங்க!

அட! பின்வாசல்ல எறங்கிட்டாங்களா அத்தனை பேரும்? ருக்கு! ஏ மாராத்தா! நில்லுங்க! அதுக்குள்ள எங்க போறீங்க?

தம்பி, வழிய உடுங்க, சித்தெ வழிய உடுங்க. ஏனுங்க, விசிலடிக்காதீங்க! அடிக்காதீங்கன்னு சொல்றேனல்ல! முன்னால போற ஆளு இன்னும் எறங்கலீங்க!